அத்தியாயம் 7: சொல்லாத விதிகளைச் சொல்லி வைத்தல்

வாசகர் வட்டமோ, குடியிருப்போர் நலச்சங்கமோ, பெற்றோர் ஆசிரியர் கழகமோ, பத்துப் பேர் கூடும் எந்த இடத்திலும் இரண்டு வகை விதிகள் இருக்கின்றன. சந்தா எவ்வளவு, செயலாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது, கணக்கை எப்போது சமர்ப்பிப்பது என்பவை பதிவேட்டில் இருக்கும். மற்ற வகையை யாரும் எழுதி வைப்பதில்லை. ஐந்து மணி என்று போட்டிருந்தால் உண்மையில் எப்போது தொடங்கும்? பேசிக்கொண்டிருப்பவரை எந்த இடத்தில் இடைமறிக்கலாம்? தலைவர் "பார்க்கலாம்" என்றால் அது சம்மதமா, மறுப்பா? நடுவில் எழுந்து வெளியே போனால் அவமதிப்பாகிவிடுமா? பெரும்பாலானவர்கள் இவற்றை முகக்குறிப்பிலிருந்தும் குரலின் ஏற்ற இறக்கத்திலிருந்தும் தாமாகவே பிடித்துக்கொள்கிறார்கள். ஆட்டிசம், ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டு நிலை, டிஸ்லெக்சியா உள்ளிட்ட கற்றல் வேறுபாடுகள் ஆகியவற்றுடன் வாழ்பவர்களில் பலருக்கு அந்தப் பிடி எளிதில் கிட்டுவதில்லை. கிட்டினாலும் அதற்கு அவர்கள் செலவிடும் உழைப்பு மிகப் பெரியது. இத்தகைய நரம்பியல் வேறுபாடு உள்ளவர்கள் நம் கூட்டங்களுக்கு வராமலும் வந்தபின் நிலைக்காமலும் போவதற்கு முதன்மையான காரணம், நாம் சொல்லாமல் விட்ட விதிகள்தாம் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். அவற்றை முன்கூட்டியே, எல்லோருக்கும், எழுத்தில் சொல்லிவிடுவதே கூட்டம் நடத்துபவர் செய்யக்கூடிய முதல் வேலை. அதைச் செய்யப் பெரிய நிதியோ சிறப்புப் பயிற்சியோ தேவைப்படாது.

தடை எங்கே இருக்கிறது?

ஆட்டிசம் பற்றிய ஆய்வுகள் நெடுங்காலம் ஒரே கோணத்தில் நடந்தன. ஆட்டிசம் உள்ளவருக்குப் பிறர் மனத்தை ஊகிக்கும் திறன் குறைவு, அதனால்தான் உரையாடல் முறிகிறது என்று அவை தொடங்கின. தாமே ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் இதை மறுத்தார். உரையாடல் என்பது இருவர் சேர்ந்து செய்யும் வேலை. ஆட்டிசம் உள்ளவர் மற்றவரைப் புரிந்துகொள்ளத் தடுமாறுவது போலவே மற்றவரும் அவரைப் புரிந்துகொள்ளத் தடுமாறுகிறார். தடுமாற்றம் இருபக்கமும் இருக்க, குறை மட்டும் ஒருவர் கணக்கில் எழுதப்படுகிறது என்பது அவர் வாதம். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் கேத்தரின் குரோம்ப்டனும் அவருடைய குழுவினரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. 72 பேரை எட்டு எட்டுப் பேர் கொண்ட சங்கிலிகளாகப் பிரித்து, ஒரு கதையை ஒருவர் கேட்டு அடுத்தவருக்குச் சொல்லும்படி செய்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த சங்கிலிகள், ஆட்டிசம் இல்லாதவர்கள் மட்டுமே இருந்த சங்கிலிகளுக்கு இணையாகக் கதையைக் காப்பாற்றின. இரு சாராரும் கலந்த சங்கிலிகளில் விவரங்கள் அதிகமாக உதிர்ந்தன. 300க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு 2025இல் வெளியான பெரிய ஆய்வில் கலந்த சங்கிலிகளிலும் அந்த இழப்பு தென்படவில்லை. ஆகவே கலந்து பழகினால் செய்தி கெட்டே தீரும் என்று நாம் சொல்லிவிடக் கூடாது. இரண்டு ஆய்வுகளும் ஒத்துப்போகும் இடம்தான் நமக்கு முக்கியம். செய்தியைப் பெற்று அடுத்தவருக்குக் கொடுப்பதில் ஆட்டிசம் உள்ளவர்கள் பின்தங்கியவர்கள் என்ற எண்ணத்துக்கு இரண்டிலுமே ஆதாரம் இல்லை.

அப்படியானால் விலக்கம் எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவில் நோவா சாசனும் அவருடன் பணியாற்றியவர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு பதில் தருகிறது. ஆட்டிசம் உள்ளவர்கள் சிறிது நேரம் பேசுவதைக் காணொளியில் பார்த்தவர்கள், முதல் பார்வையிலேயே அவர்களைக் குறைவாக மதிப்பிட்டார்கள். அவர்களோடு பழகும் விருப்பமும் குறைவாகவே இருந்தது. அதே பேச்சு எழுத்து வடிவில் மட்டும் கொடுக்கப்பட்டபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. சொன்ன கருத்தில் குறையில்லை, பார்வையும் குரலும் உடலசைவும் பழக்கமான அச்சில் இல்லை என்பதற்காகவே ஆள் ஒதுக்கப்படுகிறார் என்று இதிலிருந்து தெரிகிறது. முகம் கொடுத்துப் பேசுவதில்லை, ஒட்டுதல் இல்லை, நடுவில் புகுந்து பேசுகிறார், நேரத்துக்கு வருவதில்லை என்று நம் சங்கங்களில் ஒருவரைப் பற்றி எழும் புகார்களை இந்த வெளிச்சத்தில் மறுபடி பார்க்க வேண்டும். இவை எல்லாமே எழுதப்படாத ஏதோ ஒரு விதியை மீறியதற்கான புகார்கள். புகாருக்கு ஆளானவரிடம் அந்த விதியை யாரும் ஒருபோதும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தாங்களே கூடியபோது என்ன செய்தார்கள்?

நரம்பியல் வேறுபாடு உள்ளவர்களுக்கு எது உதவும் என்று வெளியிலிருந்து ஊகிப்பதைவிட, அவர்கள் தாமே கூட்டம் நடத்தியபோது என்ன ஏற்பாடு செய்துகொண்டார்கள் என்று பார்ப்பது நல்ல வழி. 1992இல் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ளவர்களே சேர்ந்து ஆட்டிசம் நெட்வொர்க் இன்டர்நேஷனல் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான ஜிம் சின்கிளேரின் ஒருங்கிணைப்பில் 1996 முதல் ஆட்ரீட் என்ற முகாம் நடந்தது. அதன் வழியில் பிரிட்டனில் 2005இல் ஆட்ஸ்கேப் தொடங்கியது. ஆட்ரீட்டின் அடிப்படைக் கொள்கை எளிமையானது. பழகுவதற்கு வாய்ப்பு உண்டு, பழகியே தீர வேண்டும் என்ற அழுத்தம் இல்லை. ஓர் அமர்வில் பாதியில் எழுந்து போகலாம், எந்த அமர்வுக்கும் போகாமலும் இருக்கலாம். வாசனைத் திரவியம் பூசி வர வேண்டாம், ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்க வேண்டாம் என்பவை எல்லோருக்கும் பொதுவான விதிகளாக முன்கூட்டியே அறிவிக்கப்பட்டன.

இந்தக் கூட்டங்களிலிருந்து வெளியே பரவிய ஏற்பாடுகளில் மிகவும் அறியப்பட்டது நிற அட்டை. பெயர் அட்டையோடு சிவப்பு, மஞ்சள், பச்சை ஆகிய நிறங்களில் ஒன்றைக் காட்டிக்கொள்ளலாம். சிவப்பு என்றால் இப்போது யாரும் பேச வர வேண்டாம். மஞ்சள் என்றால் ஏற்கெனவே பழக்கமானவர்கள் மட்டும் வரலாம். பச்சை என்றால் பேச விருப்பம் இருக்கிறது, தொடங்கத்தான் முடியவில்லை, நீங்களே வந்து தொடங்குங்கள் என்று பொருள். ஒருவர் பேசும் மனநிலையில் இருக்கிறாரா என்பதைப் பொதுவாகக் கண்ணையும் நிற்கும் விதத்தையும் பார்த்து ஊகிக்கிறோம். அந்த ஊகத்தின் வேலையை ஓர் அட்டை எடுத்துக்கொள்கிறது. பச்சை அட்டையின் பொருளைக் கவனியுங்கள். தனித்து நிற்பவர் எல்லாம் தனிமையை விரும்புகிறவர் என்ற நம் எண்ணத்தை அது உடைக்கிறது. உங்கள் கூட்டத்தில் நிற அட்டை தேவைப்படாமல் போகலாம். அதன் பின்னாலிருக்கும் முறை எங்கும் தேவைப்படும். ஊகிக்க வேண்டியதைத் தெரியும்படி வைப்பது, கட்டாயமாக இருந்ததை விருப்பமாக மாற்றுவது என்ற அந்த இரண்டு செயல்களின் விரிவுதான் இனி வரும் குறிப்புகள்.

அழைப்பிதழிலிருந்து தொடங்குங்கள்

நம் அழைப்பிதழ்களில் தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை என்று பெயர்கள் நிறைந்திருக்கும். நேரம் மட்டும் ஒரே ஒரு வரியில், அதுவும் "மாலை 5 மணி அளவில்" என்று இருக்கும். முதல்முறை வருகிறவர் அறிய விரும்புவது இதற்கு நேர் எதிரான தகவல்களை. எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், நடுவில் இடைவேளை உண்டா, ஏறத்தாழ எத்தனை பேர் வருவார்கள், ஒலிபெருக்கி இருக்குமா, தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொல்வார்களா, உணவு என்ன, எந்த வாசல், எந்த மாடி என்பவை அவை. நிச்சயமின்மை பதற்றத்தை வளர்க்கிறது. பதற்றம் வளர வளர, கூட்டம் தொடங்குவதற்கு முன்பே ஆள் களைத்துப்போகிறார் அல்லது வராமலே இருந்துவிடுகிறார். நிகழ்ச்சி நிரலை நேரக் குறிப்போடு சில நாள் முன்பே அனுப்புங்கள். நுழைவாயிலின் படம் ஒன்றைச் சேர்த்து அனுப்புங்கள். அறிவித்த நேரத்தில் தொடங்குங்கள். முடியாவிட்டால் எவ்வளவு தாமதம் என்று உடனே செய்தி அனுப்புங்கள். மாற்றமே கூடாது என்று யாரும் கேட்பதில்லை, மாற்றத்தைத் தெரிவித்தால் போதும். ஏடிஎச்டி உள்ளவர்களில் பலருக்கு நேரத்தைக் கணிப்பதும் நினைவில் வைத்திருப்பதும் கடினம் என்பதால் முதல் நாள் ஒன்றும் அன்று காலை ஒன்றுமாக இரண்டு நினைவூட்டல் அனுப்புவது நல்லது. தொடர்புக்குத் தொலைபேசி எண் மட்டும் கொடுத்தால் அழைத்துப் பேசத் தயங்குகிறவர்கள் கேள்வியோடே நின்றுவிடுவார்கள். குறுஞ்செய்தியிலும் கேட்கலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

எழுத்தை அச்சிடும் விதமும் இதில் அடங்கும். பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கத்தின் வழிகாட்டுதல் 12 முதல் 14 புள்ளி அளவு எழுத்து, ஒன்றரை மடங்கு வரி இடைவெளி, இடப்பக்கம் மட்டும் சீராக்கிய பத்தி ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது. சாய்வெழுத்தையும் அடிக்கோட்டையும் தவிர்க்கச் சொல்கிறது. பத்தியின் அமைப்பிலும் எழுத்தின் வடிவத்திலும் காட்டும் இந்தக் கவனம் தமிழுக்குக் கூடுதலாகவே பொருந்தும். தமிழில் சொற்கள் ஒட்டி நீள்பவை என்பதால் குறுகிய பத்தியை இருபுறமும் சீராக்கினால் சொற்களுக்கு நடுவே பெரிய இடைவெளிகள் விழுந்து கண் வரியை விட்டுவிடுகிறது. அலங்கார எழுத்துருக்களில் புள்ளியும் கொம்பும் தெளிவில்லாமல் போகின்றன. டிஸ்லெக்சியாவுக்கென்றே வடிவமைக்கப்பட்ட ஆங்கில எழுத்துருக்களைச் சோதித்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அவற்றால் வாசிப்பு மேம்பட்டதாகக் காட்டவில்லை. ஆகவே சிறப்பு எழுத்துருவைத் தேடி அலைவதைவிடப் பழகிய தெளிவான எழுத்துரு, போதிய அளவு, போதிய இடைவெளி என்ற மூன்றில் கவனம் வைத்தால் போதும். அழைப்பிதழைப் படமாக மட்டும் அனுப்பாதீர்கள். அதே விவரத்தை எழுத்தாகவும் அனுப்பினால், படிக்கச் சிரமப்படுகிறவர் கைபேசியை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ள முடியும்.

அரங்கும் புலன்களும்

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, ஒலி, ஒளி, தொடுகை, வாசனை போன்றவற்றுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. ஒருவருக்குப் பின்னணியில் கரைந்துபோகும் மின்விசிறிச் சத்தமும் குழல்விளக்கின் துடிப்பும் இன்னொருவருக்குப் பேச்சாளரின் குரலுக்குச் சமமாக வந்து மோதலாம். அப்படி மோதும்போது கேட்பதற்கும் யோசிப்பதற்கும் அவரிடம் மிச்சம் இருப்பது குறைவு. நம் அரங்குகளில் மிகப் பெரிய தடை ஒலிபெருக்கி. ஐம்பது பேர் உட்காரும் அறைக்குத் திறந்தவெளி மேடைக்கான பெட்டிகளைக் கொண்டுவந்து வைப்பது வழக்கமாகிவிட்டது. இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகல் நேர வரம்பாக வகுத்தது 55 டெசிபல் என்பதை நினைவில் வைத்து அரங்குக்குத் தேவையான அளவுக்கு ஒலியைக் குறையுங்கள். ஒலிப்பெட்டிக்கு எதிரே இருக்கை போடாதீர்கள், மின்னும் குழல்விளக்கை மாற்றிவிடுங்கள். கதவருகே சில இருக்கைகளை ஒதுக்கி, ஒதுக்கியிருப்பதை அறிவியுங்கள். அருகில் ஓர் அறையையோ தாழ்வாரத்தின் ஒரு மூலையையோ அமைதியிடமாக விட்டு, அங்கே கூட்டம் பற்றிய பேச்சு கூடாது என்று எழுதி ஒட்டுங்கள். புதிதாகக் கட்டிடம் கட்டுகிறவர்களுக்கு, பிரிட்டிஷ் தரநிலைகள் நிறுவனம் 2022இல் வெளியிட்ட பாஸ் 6463 என்ற ஆவணம் ஒளி, ஒலி, வழிகாட்டிப் பலகை வரை இந்த நோக்கிலேயே வழிகாட்டுகிறது.

புலன்சார்ந்த சிரமத்தை விலக்கமாக மாற்றுவதும் பெரும்பாலும் ஓர் எழுதப்படாத விதிதான். உட்கார்ந்து சகித்துக்கொள்ள வேண்டும், எழுந்து போனால் பேச்சாளரை அவமதித்ததாகும் என்பது அந்த விதி. இதை ஒரு நிமிட அறிவிப்பால் நீக்கிவிடலாம். எழுந்து நிற்கலாம், நடக்கலாம், வெளியே போய் வரலாம், காதடைப்பான் அணியலாம், கையில் எதையாவது உருட்டிக்கொண்டிருக்கலாம், யாரும் காரணம் கேட்க மாட்டோம் என்று தலைவர் தொடக்கத்திலேயே சொல்லட்டும். இப்படிச் சொன்ன கூட்டத்தில் அசைவது இயல்பாகிறது, சொல்லாத கூட்டத்தில் அதுவே குற்றமாகத் தெரிகிறது. தொடுகைக்கும் இது பொருந்தும். பொன்னாடை போர்த்துவது, கைகுலுக்குவது, தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்வது ஆகியவை அன்பின் வெளிப்பாடுகள்தாம். ஆனால் எதிர்பாராத தொடுகை சிலருக்கு உண்மையான வலியாகவே இருக்கிறது. பொன்னாடையைக் கையில் தரலாமா, போர்த்தலாமா என்று முன்பே கேட்டுவிட்டால் மரியாதை எள்ளளவும் குறையாது.

பேச்சுக்கு இணையாக எழுத்தை வையுங்கள்

முன்னே சொன்ன 2017ஆம் ஆண்டு ஆய்விலிருந்து கூட்டம் நடத்துபவர் பெற வேண்டிய நேரடிப் பாடம் இதுதான். கருத்து சொல்ல ஒரே வழி எழுந்து நின்று பேசுவது என்றால், குரலிலும் நிதானத்திலும் தேர்ந்தவர்களின் கருத்து மட்டுமே அவையில் விழும். கேள்விச் சீட்டு நம் கருத்தரங்குகளில் வழக்கில் உள்ளதுதான். அதை எல்லாக் கூட்டங்களுக்கும் நிலையான முறையாக்கி, வந்த சீட்டுகளைப் பேசிய கேள்விகளுக்கு இணையான இடம் கொடுத்துப் படியுங்கள். கூட்டம் முடிந்த பிறகு இரண்டு நாளுக்கு எழுத்தில் கருத்து அனுப்பலாம் என்றும் அதுவும் குறிப்பேட்டில் சேரும் என்றும் அறிவியுங்கள். கேட்டவுடன் பதில் சொல்ல முடியாதவர்கள் பலர் சற்று நேரம் கழித்து மிகக் கூர்மையான பதில் தருவார்கள். பேச விரும்புகிறவர்களின் பெயரை வரிசையாக எழுதித் தெரியும்படி வைத்தால், எந்த நொடியில் உள்ளே நுழைவது என்று தவிப்பவரும் பொறுக்க முடியாமல் இடைமறிப்பவரும் ஒரே ஏற்பாட்டால் நிம்மதி அடைவார்கள். "நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லையே" என்று திடீரென ஒருவரை எழுப்பிவிடுவது அன்போடு செய்யப்படும் தீங்கு. அவரிடம் கருத்து கேட்க விரும்பினால் எந்தக் கேள்வி, எப்போது என்று முன்பே சொல்லிவைத்து, வேண்டாம் என்று சொல்லவும் வழி விடுங்கள்.

முடிவுகளையும் மழுப்பாமல் பதிவு செய்ய வேண்டும். "பார்க்கலாம்", "செய்துவிடலாம்", "யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பேசி முடித்த பிறகு, என்ன முடிவானது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். குறிப்புணர்ந்து நடக்கப் பழகியவர்கள் ஒருவாறு சமாளித்துக்கொள்வார்கள். சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறவர் தான் செய்ய வேண்டியதைச் செய்யாததற்கோ, செய்ய வேண்டாததைச் செய்ததற்கோ பழி ஏற்பார். ஒவ்வொரு முடிவையும் யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று ஒரே வாக்கியமாக அவையிலேயே படித்துக்காட்டி, சில நாள்களுக்குள் எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

நடத்தை விதிகளுக்கும் இதே அளவுகோல்தான். மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் எழுதினால் அது விதியாகாது. மரியாதை எது என்பதை அறிந்தவருக்கு அந்த வரி தேவையில்லை, அறியாதவருக்கு அதனால் பயனில்லை. ஒருவர் ஒருமுறைக்கு மூன்று நிமிடம் பேசலாம், பிறர் பேசும்போது குறுக்கிடக் கூடாது, கருத்தை மறுக்கலாம், ஆளின் சாதி, மதம், உடல், குடும்பம் பற்றிப் பேசக் கூடாது என்று செயல்களைப் பெயர்சொல்லி எழுதுங்கள். யாராவது மீறினால் அவையில் அதட்டாமல் தனியே, எந்தச் செயல், எந்த விதிக்கு மாறானது, அடுத்தமுறை என்ன செய்யலாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுவதும் புண்படுத்துவதும் ஒன்றல்ல. நேரடியாக ஒரு தவற்றைச் சுட்டிக்காட்டியவரைத் திமிர் பிடித்தவர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதே சமயம், நரம்பியல் வேறுபாடு பிறருக்குத் தீங்கு செய்வதற்கான உரிமமும் ஆகாது. விதி தெளிவாக இருக்கும்போதுதான் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியும். விதி மங்கலாக இருக்கும் இடத்தில் செல்வாக்கு உள்ளவர் செய்யும் தீங்கு மன்னிக்கப்படும், விசித்திரமாகத் தெரிகிறவரின் சிறு பிசகு தண்டிக்கப்படும்.

எழக்கூடிய மறுப்புகள்

எங்கள் கூட்டத்தில் அப்படி யாருமே இல்லை என்பது முதலில் வரும் மறுப்பு. இந்தியாவில் ஐந்து இடங்களில் நடத்தப்பட்டு 2018இல் பிளாஸ் மெடிசின் இதழில் வெளியான ஆய்வு, 6 முதல் 9 வயதுக் குழந்தைகளில் ஏதாவது ஒரு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு இருப்பவர்கள் இடத்தைப் பொறுத்து 6.5 விழுக்காடு முதல் 18.5 விழுக்காடு வரை என்று கண்டது. பார்வை, செவித்திறன் குறைபாடுகளும் வலிப்பு நோயும் அந்தக் கணக்கில் அடங்கும் என்பதால் அதை அப்படியே நரம்பியல் வேறுபாட்டின் அளவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் இது ஊருக்கு ஒருவர் இருவர் சம்பந்தப்பட்ட விஷயமில்லை என்பது உறுதி. இன்றைய பெரியவர்களில் மிகப் பலர் சிறுவயதில் பரிசோதிக்கப்படவே இல்லை. அறிந்தவர்களிலும் பலர் வெளியே சொல்வதில்லை. லாரா ஹல்லும் அவருடன் பணியாற்றியவர்களும் 2017இல் 92 பேரிடம் நடத்திய ஆய்வில், ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தம் இயல்பை மறைத்துப் பிறரைப் போல நடிப்பதையும் அதன்பின் கடும் சோர்வுக்கு ஆளாவதையும் விவரித்தார்கள். உங்கள் கூட்டத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்கு அங்கே மறைந்திருக்க வேண்டிய நிலை நிலவுகிறது என்றும் பொருள் கொள்ள இடமுண்டு.

சான்றிதழ் கேட்காமல் வசதி செய்தால் எல்லோரும் தவறாகப் பயன்படுத்துவார்களே என்பது இரண்டாவது. மேலே சொன்ன ஏற்பாடுகளில் தவறாகப் பயன்படுத்த ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். நிரலை முன்பே படிப்பதும், எழுத்தில் கேள்வி கேட்பதும், சத்தம் தாங்காமல் வெளியே போய் வருவதும் யாருடைய பங்கையும் பறிப்பதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைகளில் ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உண்டு, ஏடிஎச்டி தனி வகையாக இல்லை. சான்றிதழ் கேட்டால் சட்டத்தின் பட்டியலில் இல்லாதவரும், பரிசோதனைக்குச் செலவிட முடியாதவரும், மறைக்க விரும்புகிறவரும் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில் வழங்கிய தீர்ப்பு இங்கே பயன்படும் ஒரு வேறுபாட்டை விளக்கியது. அணுகல்தன்மை என்பது யாரும் கேட்பதற்கு முன்பே பொதுவாகச் செய்து வைக்க வேண்டியது. தகுந்த இணக்க ஏற்பாடு என்பது அதன் பிறகும் ஒருவருக்குத் தனியாக எஞ்சும் தேவைக்குச் செய்து கொடுப்பது. முன்னதைச் சரியாகச் செய்தால் பின்னதைக் கேட்டு நிற்க வேண்டியவர்களின் எண்ணிக்கை குறையும்.

மூன்றாவது மறுப்பு கனமானது. ஒருவரின் தேவை இன்னொருவரின் தேவையோடு மோதினால் என்ன செய்வது? 2018இல் பிரிட்டனில் மான்செஸ்டர் பல்கலைக்கழக மாணவர் சங்கம், சத்தம் தாங்காதவர்களை எண்ணிக் கைதட்டலுக்குப் பதிலாகக் கைகளை உயர்த்தி அசைக்கும் முறையைக் கொண்டுவந்தபோது, பார்வையற்றவர்களுக்கு அது தெரியாதே என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி அது. ஒரு குழுவுக்குச் செய்த மாற்றத்தை இன்னொரு குழுவுக்குத் தடையாக விட்டுவிட முடியாது. அவையினர் கைகளை அசைக்கிறார்கள் என்று தலைவர் வாய்விட்டுச் சொன்னால் இருவருக்கும் செய்தி போய்ச் சேரும். மங்கிய விளக்கு ஒருவருக்கு வேண்டும், உதட்டசைவைப் பார்த்துப் பேச்சை அறிகிறவருக்கு வெளிச்சம் வேண்டும் என்றால் அரங்கின் ஒரு பகுதியை மங்கலாகவும் மேடையை வெளிச்சமாகவும் வைக்கலாம். எல்லா மோதலும் இப்படித் தீராது. தீராத இடத்தில் எதைத் தேர்ந்தோம், ஏன் தேர்ந்தோம் என்பதை வெளிப்படையாக எழுதி வைப்பதும், தவறவிட்டவருக்கு வேறு வழி தருவதும்தான் நேர்மை. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே அமைப்பு கிடையாது என்பது ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குக் காரணமாகாது.

இவ்வளவு எழுதி வைத்தால் கூட்டத்தின் கலகலப்பும் இயல்பும் போய்விடும் என்பது கடைசி மறுப்பு. நட்பு அரும்பும் இடங்களில் கெடுபிடி கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது, அது மதிக்கத்தக்கது. ஆனால் இங்கே கேட்கப்படுவது புதிய கட்டுப்பாடுகளை அல்ல. ஏற்கெனவே இருக்கும் விதிகளைத் தெரியப்படுத்துவதையும் அவற்றில் தேவையற்றவற்றைக் கைவிடுவதையும்தான் கேட்கிறோம். எழுந்து போகலாம், பேசாமல் இருக்கலாம், எழுதித் தரலாம் என்பவை எல்லாமே அனுமதிகள். இயல்பாக இருக்கும் உரிமை முன்பு சிலருக்கு மட்டும் இருந்தது, இப்போது அது பலருக்குக் கிடைக்கிறது. முதல்முறை வருகிறவர், தமிழில் படிக்கத் தடுமாறும் அடுத்த தலைமுறையினர், கைக்குழந்தையோடு வரும் தாய், காது மந்தமான முதியவர் என்று இந்த ஏற்பாடுகளால் பயன்பெறுகிறவர்களின் வரிசை நீளமானது.

எங்கிருந்து தொடங்குவது என்று தயங்குகிறவர்களுக்கு மூன்று செயல்கள் போதும். அடுத்த கூட்டத்தின் அழைப்பிதழில் தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் நிரலையும் போடுங்கள். தொடக்கத்தில் அந்த ஒரு நிமிட அறிவிப்பைச் செய்யுங்கள். எழுத்தில் கருத்து வாங்கி, முடிவுகளை எழுத்தில் அனுப்புங்கள். இவை நிலைபெற்றதும் ஒலி, ஒளி, அமைதியிடம் என்று அரங்கைத் திருத்துங்கள். நரம்பியல் வேறுபாடு உள்ளவர்கள் முன்வந்தால் அவர்களை ஏற்பாட்டுக் குழுவில் முடிவெடுக்கும் பொறுப்பில் அமர்த்துங்கள். நிபுணராக ஆலோசனை கேட்டால் அதற்குரிய ஊதியம் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகைப் பதிவேட்டைப் புரட்டி, ஓரிருமுறை வந்து நின்றுபோனவர்கள் யார் என்று பாருங்கள். வந்துகொண்டிருப்பவர்களிடம் மட்டும் கருத்து கேட்டால் நம் ஏற்பாடுகள் எல்லாம் சரியாகவே தோன்றும். எது தடையாக இருந்தது என்று நின்றுபோனவர்களுக்கு ஒரு செய்தி அனுப்பி, பதில் சொல்வது அவர்கள் விருப்பம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அவர்களிடமிருந்து வரும் பதில்களே இந்த அத்தியாயத்தைவிட உங்கள் கூட்டத்துக்குப் பொருத்தமான வழிகாட்டி.